இரும்பு டிஸ்க்கும் செராமிக் டிஸ்க்கும்

ஓடும் காரை நிறுத்துவது என்றால் அதன் ஓட்டத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுவது. பிரேக் பெடலை மிதித்ததும் காலிப்பர் என்னும் கவ்வி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேடுகளால் இறுக்குகிறது. உராய்வில் வேகம் குறைகிறது. குறைந்த வேகம் ஏறக்குறைய முழுதும் வெப்பமாகி டிஸ்க்கில் ஏறுகிறது. 2013இல் வெளிவந்த 991 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3 காரை எடுத்துக்கொண்டால், ஓட்டுநரோடு சேர்த்து எடை சுமார் 1500 கிலோ. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 23 லட்சம் ஜூல். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் 300 கி.மீ. ஆனால் ஆற்றல் ஒன்றரை மடங்காவதில்லை, இரண்டேகால் மடங்காகிறது. பதினெட்டு லிட்டர் கொதிக்கும். வீட்டு அடுப்பு வெகுநேரம் எடுத்துக்கொள்ளும் இந்த வேலையைக் கார் சில நொடிகளில் நான்கு டிஸ்க்குகளில் முடித்துவிடுகிறது.

அந்தக் காரின் எஞ்சின் 475 குதிரைத்திறன் கொண்டது. 200 கி.மீ. வேகத்தில் முழு பலத்தோடு பிரேக் பிடித்த முதல் கணத்தில், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், பிரேக்குகள் வாங்கிக்கொள்ளும் திறன் 1100 குதிரைத்திறனுக்கு வருகிறது. விளம்பரமெல்லாம் எஞ்சினுக்குத்தான் என்றாலும் காரிலேயே வலுவான உறுப்பு பிரேக்தான்.

இந்த வெப்பத்தை வாங்கும் வேலையை வார்ப்பிரும்பு நெடுங்காலமாகச் செய்துவருகிறது. டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் பெயரை உலகறியச் செய்தது 1953ஆம் ஆண்டு லெ மான்ஸ் பந்தயம். டன்லப் டிஸ்க்குகள் பூட்டிய ஜாகுவார் சி-டைப், டிரம் பிரேக் கார்களைவிட வெகு தாமதமாக மிதித்து வளைவுக்குள் நுழைந்து வென்றது. அதன் பிறகு டிஸ்க் என்றால் சாம்பல் வார்ப்பிரும்பு என்றே ஆயிற்று. மலிவு மட்டும் அதற்குக் காரணமல்ல. இந்த இரும்பில் மூன்றரை விழுக்காடு அளவுக்குக் கரி இருக்கிறது. உருகிய இரும்பு உறையும்போது அந்தக் கரி நுண்ணிய கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்கிறது. உடைந்த முகம் சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். வெப்பத்தை உராயும் முகத்திலிருந்து உள்ளே கடத்துவது அந்தச் செதில்கள். அதிர்வை விழுங்குவதும் அவையே. நல்ல எஃகுத் துண்டைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும், சாம்பல் இரும்பு மொத்தென்று மட்டுமே ஒலிக்கும். பிரேக் கிறீச்சிடாமல் இருக்க வேண்டுமானால் அந்த மொத்தென்ற ஒலிதான் வேண்டும்.

இரும்பின் குறைகள் சூடு எல்லை மீறும்போது வெளிப்படுகின்றன. 380 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிஸ்க் 500 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விரிகிறது. நடுவில் ஹப்போடு பிணைந்த பகுதி அவ்வளவு சூடாவதில்லை. அதனால் ஒரே வார்ப்பாகச் செய்த டிஸ்க் தட்டையாக நிற்காமல் கிண்ணம்போல் லேசாகக் கவிழும், பேடும் முழு முகத்தோடு படியாது. காற்றோட்டத்துக்காகத் துளையிட்ட டிஸ்க்கில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மயிரிழை விரிசல்கள் ஓடும். 700 டிகிரிக்கு மேலே போனால் இரும்பின் உள்ளமைப்பே மாறத் தொடங்குகிறது.

பந்தயத் தடத்தில் பிரேக் விட்டுப்போகிறது என்றால் பழி பெரும்பாலும் டிஸ்க் மேல் விழுகிறது. உண்மையான குற்றவாளிகள் வேறு இருவர். ஒன்று பேட். அதன் பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் வாயு கக்கும், உராய்வு சட்டென்று குறையும். பெடல் கல்லாக இருக்கும், கார் நிற்காது. மற்றது பிரேக் ஆயில். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பண்டம். ஈரம் ஏறிய பிறகு தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம், பெடல் தரைதட்டும். இந்த இரண்டு நோய்க்கும் நல்ல பேடும் புதிய ஆயிலும் போதும், அதற்காக டிஸ்க்கை மாற்றுவது வீண் செலவு.

செராமிக் டிஸ்க்குக்கு அந்தப் பெயர் சற்றே தவறான படத்தைக் கொடுக்கிறது. பீங்கான் என்றதும் கைதவறி விழுந்த கோப்பை நினைவுக்கு வரும். இந்த டிஸ்க் அந்த வகையல்ல. கார்பன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, அவற்றைச் சிலிக்கான் கார்பைடு பிடித்து நிற்கும் கலவைப் பொருள் இது. சிலிக்கான் கார்பைடு தமிழ்நாட்டுக்குப் புதியதுமல்ல: சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் கார்போரண்டம் என்ற பெயரில் பழகிய அதே பொருள். மோஸ் கடினத்தன்மை அளவில் ஒன்பதுக்கு மேல், வைரம் பத்து. அது மட்டும் இருந்தால் டிஸ்க் ஒரே அடியில் நொறுங்கிவிடும். விரிசல் ஓடும் வழியில் இழைகள் குறுக்கே நின்று அதைத் தடுப்பதால்தான் சக்கரத்துக்குள் வைக்கும் துணிவு வந்தது.

இதற்கு முன்னோடி கார்பன்-கார்பன். கார்பன் இழையைக் கார்பனாலேயே பிணைத்த இந்த டிஸ்க்குகளை டன்லப் நிறுவனம் கான்கார்ட் விமானத்துக்குச் செய்தது. 1976இல் பிரபாம் அணி அவற்றை ஃபார்முலா 1 காரில் பூட்டிப் பார்த்தது. இன்றும் ஃபார்முலா 1 கார்களில் அவையே. ஆயிரம் டிகிரியில் செந்தழலாக ஒளிரும் நிலையிலும் அவை பிடிக்கும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது பிடி மிகக் குறைவு. காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு முதல் சிக்னலில் நிற்க வேண்டிய காருக்கு அது ஆகாது. குளிரிலும் பிடிக்க வேண்டும், மழையிலும் பிடிக்க வேண்டும், சூட்டிலும் சாகக் கூடாது என்ற தேவைக்கு விடை விண்கலத் துறையிலிருந்து வந்தது. வளிமண்டலத்துக்குள் திரும்பும் கலங்களின் வெப்பக் கவசத்துக்காக ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர், ஸ்டுட்கார்ட்டில் 1980களின் பிற்பகுதியில் வளர்த்த முறை, கார்பனுக்குள் உருகிய சிலிக்கானை ஏற்றுவது.

அந்தச் செய்முறையைத் தமிழ்க் கண்ணோடு பார்த்தால் மிகவும் பழகியதாகவே இருக்கும். துண்டு துண்டாக நறுக்கிய கார்பன் இழையைப் பிசினோடு பிசைந்து அச்சில் இட்டு, சூடேற்றி அழுத்துகிறார்கள். டிஸ்க்கின் வடிவம், நடுவே காற்று ஓடும் கால்வாய்கள் எல்லாம் இங்கேயே உருவாகிவிடும். அடுத்தது உண்மையில் ஒரு கரிமூட்டம். மண்ணால் மூடிக் காற்றை மறித்து விறகைக் கரியாக்குவதுபோல, ஆக்சிஜன் இல்லாத உலையில் 900 டிகிரிக்கு மேல் வைத்துப் பிசினைக் கரியாக்குகிறார்கள். பிசினில் கார்பன் தவிர மற்றதெல்லாம் வாயுவாக வெளியேறிவிட, டிஸ்க் முழுவதும் நுண்துளைகளோடு பஞ்சு போலாகிறது. கடைசியில் வெற்றிட உலையில் அதனோடு சிலிக்கானைச் சேர்த்து 1500 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். 1414 டிகிரியில் உருகும் சிலிக்கான், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தானாகவே துளைகளுக்குள் ஏறிக் கார்பனோடு வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடாகிறது. இழைகளும் அதில் கரைந்துபோகக் கூடாது. அவற்றைச் சுற்றியுள்ள கரி மட்டும் மாற வேண்டும். இந்த அளவு பிடிபடுவதுதான் தொழிலின் சூட்சுமம். வெளியே வந்த டிஸ்க்கை வைரக் கருவி தவிர வேறு எதுவும் சாணை பிடிக்காது. இத்தனை உலைகள், இத்தனை நாட்கள், வைரச் சாணை என்று பார்த்தால் விலைக்குத் தனி விளக்கம் தேவையில்லை.

சாலைக் கார்களில் இது புத்தாயிரத்தோடு வந்தது. மெர்சிடிஸ் 2000ஆம் ஆண்டு குறைந்த எண்ணிக்கையில் விற்ற சிஎல் 55 ஏஎம்ஜி காரில் வைத்தது. 2001இல் போர்ஷே 911 ஜிடி2 மாடலோடு அது நிலையான உறுப்பானது. 2002இல் ஃபெராரி என்ஸோவுக்கு பிரெம்போ செய்துகொடுத்தது. பிரெம்போவும் ஜெர்மனியின் எஸ்ஜிஎல் நிறுவனமும் 2009இல் கூட்டுச் சேர்ந்தன. இத்தாலியில் ஸ்டெட்சானோ, பவேரியாவில் மைட்டிங்கன் ஆகிய இடங்களில் அந்தக் கூட்டு நிறுவனத்தின் ஆலைகள் உள்ளன.

செராமிக் பூட்டினால் கார் சீக்கிரம் நிற்குமா என்பது முதலில் எழும் கேள்வி. ஒரு தடவை நிறுத்துவதற்கு, நிற்காது. நல்ல நிலையில் உள்ள இரும்பு டிஸ்க்கே நான்கு டயர்களையும் வழுக்கும் எல்லைக்குக் கொண்டுபோய் ஏபிஎஸ்ஸை வேலை வாங்கிவிடும். அதற்கு மேல் காரை நிறுத்துவது தரையைப் பற்றும் ரப்பர். உராய்வுக் கெழு ஒன்று என்று கொண்டால் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 39 மீட்டர் வேண்டும். டிஸ்க் இரும்பானாலும் தங்கமானாலும் அந்த 39 மீட்டர் மாறாது. தூரம் குறைய வேண்டுமானால் காசை டயரில் போட வேண்டும்.

இரண்டாவது நம்பிக்கை, செராமிக் டிஸ்க் சூடாகாது என்பது. உண்மை நேர்மாறு. இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம், கார்பன் செராமிக்கின் அடர்த்தி சுமார் 2.4 கிராம். ஒரே எடைக்குச் செராமிக் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை வாங்கும். ஆனால் ஒரே அளவில் செய்தால் அதன் எடை மூன்றில் ஒன்றுதான். பத்துக் கிலோ இரும்பு வளையம் ஒன்று 200 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தும்போது தன் பங்குக்கு ஏழு லட்சம் ஜூல் வாங்கினால் சுமார் 140 டிகிரி ஏறும். அதே அளவுள்ள செராமிக் வளையம் 210 டிகிரி ஏறும். ஜிடி3 காரில் இரும்பு டிஸ்க் முன்னும் பின்னும் 380 மில்லிமீட்டராக இருக்க, செராமிக் முன்னால் 410, பின்னால் 390 என்று பெருத்திருப்பது தோற்றத்துக்காக அல்ல. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டவே. செராமிக்கின் சிறப்பு சூடாகாமல் இருப்பதில் இல்லை, சூட்டைப் பொருட்படுத்தாமல் இருப்பதில்தான். அதன் விரிவு இரும்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு மட்டுமே என்பதால் கவிழாது. இரும்பு தளரும் வெப்பத்திலும் வலு குறையாது. தடத்தில் இருபதாவது சுற்றிலும் பெடல் முதல் சுற்றில் இருந்த மாதிரியே இருக்கும். நடுவில் உள்ள உலோகத் தொப்பி மட்டும் விரியும். அதனால் தொப்பியையும் வளையத்தையும் இறுக்கிப் பிணைக்காமல், சிறிது நகர இடம்விட்டுச் சுற்றிலும் போல்ட்டுகளால் கோர்க்கிறார்கள்.

மூன்றாவது, எடை. போர்ஷேயின் கணக்கில் செராமிக் டிஸ்க் அதே போன்ற இரும்பு டிஸ்க்கில் பாதி எடை. நான்கு சக்கரமும் சேர்த்து 15 முதல் 20 கிலோ மிச்சம். சுழலும் எடை என்பதால் ஒரு கிலோ குறைத்தால் நாலைந்து கிலோ குறைத்ததற்குச் சமம் என்று சொல்வதுண்டு. டிஸ்க் விஷயத்தில் அது மிகை. டயரின் ஆரம் 34 சென்டிமீட்டர். டிஸ்க் வளையத்தின் எடை மையத்திலிருந்து 16 சென்டிமீட்டரில் இருக்கிறது. அந்த விகிதத்தின் வர்க்கம் 0.22. ஆக, டிஸ்க்கில் ஒரு கிலோ குறைந்தால் முடுக்கத்துக்கு 1.2 கிலோ குறைந்த மாதிரி. பெட்ரோல் தொட்டியில் முப்பது லிட்டரைக் குறைத்துக்கொண்டு போனாலும் அதே லாபம் கிடைத்துவிடும். உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. சக்கரம், டயர், டிஸ்க், காலிப்பர் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. சாலையில் ஒரு மேடு வந்தால் ஸ்பிரிங் இந்த எடையைத் திரும்பக் கீழே தள்ள வேண்டும். எடை குறைந்தால் டயர் தரையை விட்டு எழும் நேரம் குறையும். கரடுமுரடான சாலையில், வளைவில், திருப்பும் கையில் இது தெரியும். ஸ்டாப்வாட்சில் தெரிவது சிரமம்.

இரும்பிலிருந்து மாற்ற நினைப்பவர் டிஸ்க்கை மட்டும் வாங்கிப் பூட்ட முடியாது. 410 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு 380ஐவிடப் பதினைந்து மில்லிமீட்டர் வெளியே நிற்கும். காலிப்பரும் அவ்வளவு தள்ளி உட்கார வேண்டும். தொழிற்சாலை முறைப்படி மாற்றினால் டிஸ்க், பேட், காலிப்பர் மூன்றும் மாறும், சக்கரத்தின் உள்ளே இடமும் பார்க்க வேண்டும். முன்னால் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் இரும்பை விடுவது தவறு. ஆரம் கூடியதால் முன்பிடி கூடும், பின்பிடி அப்படியே இருக்கும். முன்பின் பங்கீடு குலைந்தால் ஏபிஎஸ் கணிப்பொறிக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கும் பொருந்தாது. வெளிச்சந்தையில் இரும்பின் அளவிலேயே செராமிக் டிஸ்க்குகள் கிடைக்கின்றன. பிரிட்டனின் சர்ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் நிறுவனத்தின் டிஸ்க்குகளில் இருப்பது நறுக்காத நீள இழை. இழை அறுபடாமல் ஓடுவதால் வெப்பமும் அதன் வழியே எளிதாகப் பரவுகிறது.

பேடில் சிக்கனம் பார்ப்பவர் டிஸ்க்கை இழப்பார். இரும்புக்கென்று செய்த பேடைச் செராமிக்கில் வைத்தால் முகம் அரிக்கும். புதிய பேடும் டிஸ்க்கும் முதலில் ஒன்றோடொன்று பழக வேண்டும்: மிதமான வேகத்தில் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே பல தடவை பிரேக் பிடித்து, இடையில் முழுதாக நிறுத்தாமல், கடைசியில் நன்றாக ஆறவிட வேண்டும். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிகிறது. பிறகு உராய்வு நடப்பது அந்தப் படலத்தின் மேல்தான். இதைச் செய்யாமல் நேரே தடத்துக்குப் போனால் படலம் திட்டுத்திட்டாக ஒட்டி, மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தத் திட்டுகளைத்தான்.

அன்றாட ஓட்டத்தில் செராமிக் தரும் சுகங்கள் மறுக்க முடியாதவை. மழையில் ஓர் இரவு நின்றால் இரும்பு டிஸ்க்கில் காலையில் செம்மண் பூசியதுபோல் துரு படரும். செராமிக்கில் துருவுக்கு இடமே இல்லை. சக்கரத்தில் கருந்தூசி படிவது வெகுவாகக் குறைகிறது. பந்தயத் தடத்தைக் காணாத காரில் டிஸ்க் மாற்றும் வேலை எளிதில் வராது.

ஆபத்து பட்டறையில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அலுமினிய விளிம்பு டிஸ்க்கின் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயரும். இரும்பில் அது கீறல். செராமிக்கில் அது டிஸ்க்கையே தூக்கிப்போட வேண்டிய காயமாகலாம். அதனால் ஐந்து போல்ட் உள்ள 911 கார்களில் முதலில் இரண்டு போல்ட்டை எடுத்து, அந்தத் துளைகளில் நீளமான வழிகாட்டிக் கம்பிகளைத் திருகி, அவற்றின் மேல் சக்கரத்தை வழுக்கி இழுக்கிறார்கள். டயர் மாற்றுபவர் இதை அறியாதவராக இருந்தால் சில நிமிட வேலையில் பல்லாயிரம் டாலர் போய்விடும். தடத்தை விட்டு விலகிச் சரளைக் குழியில் பாய்ந்த காரிலும் இதே கவலை; சக்கரத்துக்குள் சிக்கிய ஒரு கல் போதும்.

தேய்மானத்தை அளக்கும் முறையும் வேறு. இரும்பு டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் கவ்வித் தடிமனைப் பார்த்தால் கதை முடிந்தது. செராமிக் டிஸ்க் தடிமனில் ஒன்றும் குறையாமலே செத்துப்போகலாம். காற்றில் 500 டிகிரி அளவில் கார்பன் மெல்ல எரியத் தொடங்கும். சிலிக்கான் கார்பைடு அதைப் போர்த்திக் காக்கிறது. ஆனால் முகத்தில் தெரியும் இழை நுனிகளுக்கு அந்தப் போர்வை இல்லை. தடத்தில் மீண்டும் மீண்டும் செஞ்சூடானால் அந்த நுனிகள் எரிந்து, இழை கிடந்த இடத்தில் இழை வடிவக் குழிகள் விழும். முகம் சொரசொரப்பாகும், பேடைத் தின்னும், உள்ளே வலு குறையும். எரிந்த கார்பன் எடையில்தான் காட்டும். அதனால் டிஸ்க்கின் தொப்பியில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கிறது. கழற்றித் துடைத்துத் தராசில் வைத்து, அந்த எண்ணுக்குக் கீழே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். கழற்றாமலே சுழல் மின்னோட்டத்தால் உள்ளே எவ்வளவு கார்பன் எரிந்திருக்கிறது என்று கணிக்கும் கையடக்கக் கருவிகளும் இருக்கின்றன. பழைய ஜிடி3 வாங்குபவர் ஓடோமீட்டரைவிட அந்த எடையைக் கேட்பது புத்திசாலித்தனம்.

விலை இந்தக் கணக்கை முடிவு செய்கிறது. 991 ஜிடி3 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது செராமிக் பிரேக்குக்குக் கூடுதலாக 9000 டாலருக்கு மேல் கேட்டார்கள். தேய்ந்த பின் ஒற்றை டிஸ்க்குக்கே பல ஆயிரம் டாலர். இரும்புக்கும் செராமிக்குக்கும் நடுவே ஒரு வழியாக போர்ஷே 2017இல் கயேன் காரோடு மூன்றாவது வகையைக் கொண்டுவந்தது: இரும்பு டிஸ்க்கின் முகத்தில் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. தூசியும் துருவும் குறையும், தேய்மானமும் குறையும். எடை மட்டும் இரும்பின் எடையே. சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இந்த மூன்றில் அதிக நியாயமுள்ளது இதுவாகவே தோன்றுகிறது.

மாதந்தோறும் தடத்துக்குப் போகும் ஜிடி3 உரிமையாளர்கள் பலர் எதிர்த் திசையில் போகிறார்கள். செராமிக் பூட்டி வாங்கிய காரில் செராமிக்கைக் கழற்றி இரும்பு பூட்டுகிறார்கள். தடத்துக்கென்று செய்த இரும்பு டிஸ்க் தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். சூடு தாங்கும் பேடுகளில் தேர்வும் அதிகம். கல் பட்டாலும் மனம் பதறாது. 410 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு என்று அமைந்த காலிப்பரை அப்படியே வைத்துக்கொள்ள, அதே விட்டத்தில் அலுமினியத் தொப்பியோடு இரும்பு டிஸ்க்குகளும் தனியே விற்கின்றன. மிச்சமான இருபது கிலோ அத்தோடு காருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. கழற்றிய செராமிக் டிஸ்க்குகள், எடை குறித்த சீட்டோடு பெட்டியில் அடைபட்டு, காரை விற்கும் நாள்வரை கார் கொட்டகையின் அலமாரியில் இருக்கின்றன.